பலகையில் மிஞ்சியது

செப்டம்பர் 4

அன்பு அக்காவுக்கு,

குட்டி எழுதுவது. நாங்கள் இங்கே நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யாதே என்று நான் எழுதுவதும், உட்கார்ந்துகொண்டு சீஸ் வெட்ட முடியுமா என்று நீ பதில் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. இந்த முறை உன் வரியையும் சேர்த்து நானே எழுதிவிட்டேன், உனக்கு மை மிச்சம்.

காரியமாகத்தான் எழுதுகிறேன். இருபதாம் தேதி சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். எல்லாரும் இவருடைய லிஃப்ட் கம்பெனி ஆட்கள், அவர்கள் குடும்பம். சமைக்கிறேன் என்றால் இவர் விடமாட்டேன் என்கிறார். "சமையல்லாம் வேண்டாம். ஒரு பெரிய பலகையில சீஸ், ஹாம், சலாமின்னு அழகா அடுக்கி நடுவுல வெச்சுடு. உங்க அக்கா இருபது வருஷமா கடையில சீஸ் கவுண்டர்ல நிக்கிறாங்க, அவங்ககிட்ட கேளேன்" என்கிறார்.

போன வாரம் ஒத்திகை பார்த்தேன். கடைக்குப் போய்க் கண்ணில் பட்டதில் நாலு சீஸும், ஹாம், சலாமி என்று நாலு வகைப் பன்றி இறைச்சியும் வாங்கி வந்து அடுக்கினேன். எல்லாச் சீஸும் உப்பு, எல்லா இறைச்சியும் அதைவிட உப்பு. இவர் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தத் 'தான்' எனக்குப் புரியாதா?

போனில் கேட்டிருப்பேன். போனில் பேசினால் 'சாப்பிட்டியா, தூங்கினியா' என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. நீ எழுதி அனுப்பினால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துக்கொண்டு செய்வேன். விடுதியில் படிக்கும்போது நீ எழுதி அனுப்பிய காபி போடும் முறையை வைத்துத்தானே நான் பிழைத்தேன். எது எதோடு சேரும், எவ்வளவு வாங்கணும், எப்படி வைக்கணும், எல்லாம் எழுது. என் மானம் உன் கையில்.

உன் அன்புத் தங்கை,
குட்டி


செப்டம்பர் 7

அன்புக் குட்டிக்கு,

உன் கடிதத்தைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று படித்துச் சிரித்ததில், எங்கள் மேலாளர் எட்டிப் பார்த்தார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தராசு. சிரிப்பைக்கூட நிறுத்துப் பார்த்துத்தான் அனுமதிப்பார்.

மானத்தை என்னிடம் கொடுத்துவிட்டாய் அல்லவா, இனி கவலையை விடு. ஃப்ரிட்ஜில் ஒட்டுவதற்குத் தோதாகக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். உப்போடு உப்பைச் சேர்க்காதே. நீ செய்த தப்பு அதுதான். பலமான ஆள் பக்கத்தில் சாதுவான ஆளை உட்கார வை. முழு மிளகு பதித்த காரமான சலாமிக்குப் பக்கத்தில் வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும் பிரீ சீஸ். உப்புத் தூக்கலான ஹாமுக்குப் பக்கத்தில் இனிப்பான முற்றிய கௌடா சீஸ், கூடவே இரண்டு துண்டு முலாம்பழம். செடார் சீஸ் கொஞ்சம் முரடு, அதற்கு ஆப்பிளும் வினிகரில் ஊறிய சிறு வெள்ளரியும் போதும். நீலப் பூசணம் படர்ந்த நீலச் சீஸ் இருக்கிறதே, அது யாரோடும் ஒத்துப்போகாத மாமியார். அதை இறைச்சிக்குப் பக்கத்தில் வைக்காதே, தனியாக ஒரு மூலையில் அத்திப்பழத்தோடும் தேனோடும் வால்நட்டோடும் வை. அங்கே போனால் அது அப்படியே அடங்கிவிடும்.

சீஸை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடு. குளிர்ந்த சீஸுக்கு ருசி கிடையாது. இறைச்சியைக் கடைசியில் எடு, இல்லாவிட்டால் வியர்த்துவிடும். ஆளுக்கு எழுபது கிராம் சீஸ், எழுபது கிராம் இறைச்சி. அதற்கு மேல் வாங்கினால் திங்கட்கிழமை வரை நீயும் மாப்பிள்ளையும்தான் தின்றுகொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு சீஸுக்கும் ஒரு கத்தி. நீலச் சீஸ் வெட்டிய கத்தியால் பிரீயைத் தொட்டவர்களை நான் மன்னிப்பதில்லை. எல்லாவற்றிலும் முதல் இரண்டு துண்டை நீயே வெட்டி வைத்துவிடு. முழுசாக இருக்கும் சீஸில் முதலில் கை வைக்க யாருக்கும் கூச்சமாக இருக்கும்.

அடுக்கும்போது கிண்ணங்களை முதலில் வை, பிறகு சீஸ், பிறகு இறைச்சி, கடைசியில் பழம். சலாமியை நாலாக மடி, ஹாமைத் துணி மாதிரி சுருக்கிப் போடு. தட்டையாகப் பரப்பினால் ஆஸ்பத்திரித் தட்டு மாதிரி இருக்கும்.

இனி என் சேதி. உங்கள் ஊரில் இருக்கும் எங்கள் கிளையைப் பெரிதாக்குகிறார்கள். சீஸ் பகுதியை நான் பொறுப்பெடுத்து நடத்த வேண்டும் என்று தராசு மறுபடி கேட்கிறார். போன வருஷமும் கேட்டார், நான் மறுத்தேன், நீயும் சரியான முடிவு என்று எழுதியிருந்தாய். இந்த முறை மனசு ஆடுகிறது. உன் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் சாப்பாடு, நினைத்தாலே இனிக்கிறது. ஆனால் இந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எப்படி வருவேன்? போகும்போது உன் அத்தான் "கொஞ்ச நாள் தனியா இருக்கணும், வந்துடுவேன்" என்றுதானே சொன்னார். சாவியையும் எடுத்துக்கொண்டுதான் போனார். மூன்று வருஷமாக நான் பூட்டைக்கூட மாற்றவில்லை. வந்து கதவைத் திறக்கிறவருக்கு உள்ளே வேறு யாரோ குடியிருந்தால் என்ன ஆகும்? மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிறவர். எங்கேயாவது அவரைப் பார்த்தாரா, யாராவது பேச்சு வாக்கில் ஏதாவது சொன்னார்களா? ஒவ்வொரு கடிதத்திலும் இதே கேள்வியா என்று சலித்துக்கொள்ளாதே. உன்னைத் தவிர நான் யாரைக் கேட்பேன்?

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 10

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் ஃப்ரிட்ஜில் ஏறிவிட்டது. யாரோடும் ஒத்துப்போகாத மாமியார் என்ற வரியை மட்டும் மடித்து ஒட்டியிருக்கிறேன், இவருடைய அம்மா போன வாரம்தான் வந்துவிட்டுப் போனார்கள், மறுபடி எப்போது வருவார்களோ.

இன்னும் சில சந்தேகங்கள். வருகிறவர்களில் இரண்டு பேர் பன்றி இறைச்சி தொடமாட்டார்கள், அவர்களுக்கு என்ன வைப்பது? இன்னொருவருக்கு வால்நட் ஆகாது, பட்டாலே நாக்கு அரிக்க ஆரம்பித்துவிடும். நீலச் சீஸுக்கு அதற்குப் பதிலாக என்ன வைக்கலாம்? அப்புறம், அன்றைக்கு முக்கியமான விருந்தாளி ஒரு பெண். எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறாள். நாலு இடம் பார்த்தவள், ருசி தெரிந்தவள் என்கிறார்கள். அவள் முன்னால் நான் தலைகுனிந்து நிற்கக்கூடாது.

இடமாற்றம் பற்றி எழுதியிருந்தாய். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம் இல்லையா அக்கா? ஆனால் இந்த ஊர்க் குளிர் உன் முழங்காலுக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது. வீடும் சுலபத்தில் கிடைப்பதில்லை. நீ சொல்வதுபோல் அத்தான் வந்து உள்ளே வேறு யாரோ இருப்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டால் அப்புறம் காலம் முழுக்க மனசு கேட்காது. அவசரப்படாதே, யோசித்துச் செய்.

அத்தானைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. இவரிடமும் கேட்டேன். தெரிந்தால் உன்னிடம் சொல்லாமல் இருப்பேனா?

அன்புத் தங்கை,
குட்டி


செப்டம்பர் 13

அன்புக் குட்டிக்கு,

நீ சொல்வதுதான் சரி. இந்தக் கால் உங்கள் ஊர்க் குளிருக்கு எங்கே தாங்கும்? தராசிடம் இன்னும் வாய் திறக்கவில்லை, திங்கட்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். எனக்காக நீ இவ்வளவு யோசிக்கிறாயே, அது போதும்.

வால்நட் விஷயம் படித்ததும் எனக்கு உன் அத்தான் ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கும் அதே கதைதான். கல்யாணமான புதிதில் தெரியாமல் ஒரு கேக்கில் போட்டுவிட்டேன். வேண்டாம் என்று சொன்னால் நான் வருத்தப்படுவேனென்று இரண்டு துண்டு தின்றுவிட்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு வாஷ்பேசின் முன்னால் நின்றார். அதனால் சொல்கிறேன், உன் விருந்தாளியும் அப்படிக் கூச்சப்படுகிற ஆளாக இருக்கலாம். எந்தக் கொட்டையும் வேண்டாம், வறுத்த பூசணி விதை வை. மொறுமொறுப்புக்கு மொறுமொறுப்பும் ஆச்சு, அவர் நாக்கும் தப்பித்தது.

பன்றி தொடாதவர்களுக்கு உலர்த்திய மாட்டிறைச்சியும் ஆட்டுப்பால் சீஸும் ஒரு சின்னப் பலகையில் தனியாக வை. ஒரே பலகையில் ஓரமாக வைத்து 'இது உங்களுக்கு' என்று கை காட்டாதே. அவர்களுக்கும் ஒரு முழுப் பலகை என்றால்தான் மரியாதை.

ருசி தெரிந்த பெண்ணுக்காகப் பயப்படாதே. ஒரு காரியம் செய்யப்போகிறேன். எங்கள் கடையின் குளிர்பெட்டி வண்டி வெள்ளிக்கிழமை உங்கள் ஊர்க் கிளைக்கு வருகிறது. ஓட்டுநர் எனக்கு வேண்டியவர், உன் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார். எல்லாவற்றையும் நானே தேர்ந்தெடுத்து, நானே சீவி, மெழுகுக் காகிதத்தில் சுற்றி அனுப்புகிறேன். நீ வாங்க வேண்டியது ரொட்டியும் பழமும்தான். பிரீ மட்டும் முழு முக்கோணத் துண்டாக வரும். அதை நீள வாக்கில் வெட்டு. முக்கோணத்தின் மூக்கைக் குறுக்கே வெட்டிக்கொள்கிறவர்கள் நடுவில் இருக்கும் நல்லதை எல்லாம் தாங்கள் தின்றுவிட்டு மற்றவர்களுக்குத் தோலை விட்டுவிடுகிறார்கள். உன் அத்தானும் அந்த ரகம்தான்.

பல்குச்சியில் ஒட்டிய சின்னச் சின்னச் சீட்டுகளும் பெட்டியில் இருக்கும். என் கையாலேயே எழுதியிருக்கிறேன். 'இதிலிருந்து ஆரம்பியுங்கள்', 'இதற்கு அத்திப்பழம்', 'காரம், ஜாக்கிரதை', 'கடைசியில் வாருங்கள்'. அந்தந்தச் சீஸில் அப்படியே குத்திவிடு. விருந்தாளிகளுக்கு விளையாட்டாக இருக்கும், உனக்கும் ஒவ்வொருவருக்காக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் வேலை இல்லை.

இதற்கெல்லாம் எனக்குக் கூலி இரண்டு படம். பலகையை யாரும் தொடுவதற்கு முன் ஒன்று, எல்லாரும் போன பிறகு ஒன்று. இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். நாங்கள் எந்த விருந்துக்கு அனுப்பினாலும் மிச்சப் பலகையைப் பார்க்காமல் விடுவதில்லை. எது அதிகம், எது குறைவு, எதை எதோடு சேர்த்தது தப்பு என்று மிச்சம்தான் சொல்லும். போனில் அனுப்பாதே, என் போன் திரையில் எல்லாச் சீஸும் ஒரே மஞ்சளாகத் தெரிகிறது. அச்சுப்போட்டு அனுப்பு.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 23

அன்பு அக்காவுக்கு,

ஜமாய்த்துவிட்டோம்! பெட்டி வெள்ளிக்கிழமை பத்திரமாக வந்தது. நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். வந்தவர்கள் பலகையைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் யாருமே தொடவில்லை. முதலில் படம், பிறகுதான் சாப்பாடு. அந்தப் பெண்ணுக்கு நீலச் சீஸும் அத்திப்பழமும் அவ்வளவு பிடித்துவிட்டது, மூன்று தடவை எடுத்துக்கொண்டாள். "இது ரெண்டையும் சேர்க்கணும்னு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பன்றி தொடாதவர்கள் இரண்டு பேரும் தங்கள் பலகையை மற்றவர்களுக்குத் தர மாட்டோம் என்று சண்டை போட்டார்கள். பூசணி விதை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இரண்டு படமும் இதோடு இருக்கின்றன. இவர் ஆபீசில் நல்ல தாளில் அச்சுப்போட்டுக் கொண்டுவந்தார். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன் கைக்கு ஆயிரம் முத்தம்.

அன்புத் தங்கை,
குட்டி


செப்டம்பர் 27

குட்டிக்கு,

படங்கள் வந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் குளிரறை வாசலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் படம் எனக்கு மிகவும் பிடித்தது. ஹாமை நன்றாகச் சுருக்கியிருக்கிறாய். திராட்சையைக் கொஞ்சம் அதிகமாகக் கொட்டிவிட்டாய், இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது படத்தை என் வழக்கப்படி இடது மூலையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். கௌடா தீர்ந்துவிட்டது, நூறு கிராம் கூடுதலாக அனுப்பியிருக்க வேண்டும், என் தப்பு. செடார் பாதி நிற்கிறது. வெள்ளரி அப்படியே இருக்கிறது, அடுத்த முறை வேண்டாம். இதையெல்லாம் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு பிரீக்கு வந்தேன். மூக்கைக் காணோம். குறுக்கே, கத்தியை வைத்து ஒரே அழுத்து. சரி, பன்னிரண்டு பேரில் ஒருவர் அப்படி இல்லாமல் இருப்பாரா என்று நினைத்தேன்.

அதற்குப் பக்கத்தில், பலகையின் ஓரத்தில், மிளகு.

சலாமியிலிருந்து ஒவ்வொரு மிளகாகக் கிள்ளி எடுத்து, விளிம்பு ஓரமாக, ஒன்றன்பின் ஒன்றாக நேர்க்கோட்டில் வைத்திருக்கிறார். கடையில் பூதக்கண்ணாடி இருக்கிறது, சீஸ் தோலில் பூச்சி பார்ப்பதற்கு. அதை வைத்தும் பார்த்தேன். மிளகு பிடிக்காதவர்கள் உண்டு, துப்புகிறவர்கள் உண்டு, ஒதுக்கிக் குவித்து வைக்கிறவர்களும் உண்டு. இருபது வருஷத்தில் எத்தனையோ மிச்சப் பலகை பார்த்துவிட்டேன். பிடிக்காத மிளகை உட்கார்ந்து வரிசை கட்டுகிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் தட்டு ஓரத்திலிருந்து அந்த வரிசையைத் துடைத்தவள் நான். "எறும்பு ஊர்வலமா?" என்று கேட்டால், "எண்ணிப் பார்த்தேன், இன்னிக்கு பதினாலு" என்பார்.

மூக்கு போன பிரீ, மிளகு வரிசை, வால்நட் ஆகாத நாக்கு. மூன்றும் மூன்று பேருடையதாக இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு வாடிக்கையாளர் வந்து கால் கிலோ சலாமி கேட்டார். அரைக் கிலோ சீவிவிட்டேன். என் கை இதுவரை அப்படித் தப்பியதே இல்லை.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டது உன் அத்தான்தானே? எத்தனை நாளாக அவர் அங்கே இருக்கிறார்? உனக்கு எத்தனை நாளாகத் தெரியும்?

முழங்காலைப் பற்றி விசாரிக்க வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


அக்டோபர் 2

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே சுற்றிவந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆமாம், அத்தான்தான்.

இரண்டரை வருஷமாக இங்கேதான் இருக்கிறார். வந்த புதிதில் வேலையில்லாமல் இவரைத் தேடிவந்தார். இவர்தான் கம்பெனியில் சேர்த்துவிட்டார். "ரெண்டு மாசம் போகட்டும், மனசு மாறித் தானே போயிடுவார், நீ இப்ப அக்காகிட்ட சொல்லிக் காரியத்தைக் கெடுத்துடாதே" என்று இவர் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன். இரண்டு மாதம் ஆறு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ஆறு மாதம் ஏன் மறைத்தாய் என்று நீ கேட்பாயே. நாளாக ஆக வாய் பூட்டிக்கொண்டது. நீ அழுவாய் என்றுதான் சொல்லவில்லை அக்கா, சத்தியமாக வேறொன்றும் இல்லை.

இப்போது அத்தான் இவருக்கு மேலதிகாரி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார். வராதீர்கள் என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

மற்றதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்தால் அது வேறு தப்பாகிவிடும். அன்றைக்கு வந்த பெண், அத்தான் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறவள். எல்லாருக்கும் அவளை அறிமுகம் செய்யத்தான் அந்த விருந்து. இவர் நம் வீட்டில் வைக்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

சீட்டுகளை நான் யோசிக்காமல் குத்திவிட்டேன். பெட்டியைத் திறந்தேன், நீ சொன்னபடி செய்தேன், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. நீ சொன்னதைச் செய்தே பழகிய கை. 'கடைசியில் வாருங்கள்' என்ற சீட்டை அத்தான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமே மாறிவிட்டது. அந்தப் பெண் "யாரோட கையெழுத்து, அழகா இருக்கே?" என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "கடையில இருக்கிற ஒரு பொம்பளை, அவங்களே எழுதித் தருவாங்க" என்று சொல்லிவிட்டேன். அத்தான் சீட்டைத் திரும்பக் குத்தினார். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது அக்கா? நீயே சொல்.

இதை எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அத்தான் ஒரு பத்திரம் கொடுத்திருக்கிறார். சட்டப்படி பிரிவதற்கு உன் சம்மதம் வேண்டுமாம். இதோடு வைத்திருக்கிறேன். மூன்று இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறது. உனக்கும் இதில் ஒரு விடுதலை இருக்கிறது என்று இவர் சொல்கிறார். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் எல்லாம் ஒரு வழியாக முடிந்துவிடும், நாம் பழையபடி இருக்கலாம்.

என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் குட்டி


அக்டோபர் 9

வணக்கம்.

பத்திரத்தில் புள்ளி வைத்த மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில், கவுண்டரில் வைத்தே, கையுறையைக் கழற்றிவிட்டுப் போட்டேன். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தராசு சாட்சிக் கையெழுத்துப் போட்டார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரை இனி அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. பத்திரத்தை அவருடைய கம்பெனி முகவரிக்கு நேராகவே அனுப்பிவிட்டேன். உன் வழியாக அனுப்பப் பிடிக்கவில்லை.

அவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் என் பாடு. அதைப் பற்றி உன்னோடு பேச ஒன்றும் இல்லை. வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனார், அந்த மட்டில் அது ஒரு பொய். அந்தப் பெண்ணோடும் எனக்கு வழக்கு இல்லை.

உன்னிடம் பேச வேண்டியது வேறு. நான் அழுவேன் என்றுதான் சொல்லவில்லை என்கிறாய். மூன்று வருஷமாக நான் என்ன சிரித்துக்கொண்டா இருந்தேன்? மாடிப்படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தவள் நான். அவரைத் திருத்தி அனுப்பச் சொல்லி உன்னைக் கேட்டேனா? அவரோடு சண்டை போடச் சொன்னேனா? இங்கேதான் இருக்கிறார், வர மாட்டார், நீ கதவைப் பூட்டிக்கொள் என்று ஒரே ஒரு வரி. எனக்கு ஆறாம் மாதமே தெரிந்திருந்தால் ஆறாம் மாதமே அழுது முடித்திருப்பேன்.

போன வருஷம் நீ எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். இடமாற்றம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என நான் எழுதியதற்கு நீ போட்ட பதில். 'சரியான முடிவு அக்கா. காத்திருப்பவர்களுக்குக் கடவுள் இருக்கிறார்' என்று எழுதியிருக்கிறாய். மேலே தேதி போட்டிருக்கிறாய், நாட்காட்டியில் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை. அவருக்குச் சோறு போட்டுவிட்டு, தட்டு ஓரத்து மிளகைத் துடைத்துவிட்டு, கை கழுவி வந்து உட்கார்ந்து அதை எனக்கு எழுதியிருக்கிறாய். என்னால் இதைத்தான் தாண்ட முடியவில்லை. அவர் என்னை விட்டுப் போனார். நீ என்னை இந்த வீட்டில் வைத்துப் பூட்டினாய். குளிர் ஆகாது என்று என் முழங்காலைக் காட்டிப் பூட்டினாய், நான் அதற்கு நன்றி வேறு சொன்னேன்.

அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது, நீயே சொல் என்று கேட்டிருக்கிறாய். 'எங்க அக்கா' என்று சொல்லியிருக்கலாம். இரண்டு சொல்தான். அதற்கு மேல் அவர்கள் பாடு.

பழையபடி இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறாய். பழையபடி என்றால் நான் கேட்க வேண்டும், நீ தெரியாது என்று சொல்ல வேண்டும். அதற்கு என்னால் ஆகாது.

நல்லவேளையாக அந்தத் திங்கட்கிழமை மேலாளர் விடுப்பில் இருந்தார், வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. உன் படங்களைப் பார்த்த பிறகு, செப்டம்பர் கடைசி நாளில், 'வருகிறேன்' என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வீடும் பார்த்தாயிற்று, சுலபமாகவே கிடைத்தது. நவம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து உங்கள் ஊர்க் கிளையில் இருப்பேன். உள்ளே நுழைந்ததும் வலது பக்கம், ரொட்டிப் பகுதியைத் தாண்டியதும் கவுண்டர். காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு வரை, செவ்வாய்க்கிழமை விடுமுறை.

உங்கள் வீட்டில் இனியும் விருந்து நடக்கும், விருந்தாளிகள் வருவார்கள். சீஸ் வேண்டுமென்றால் வாருங்கள், வரிசையில் நில்லுங்கள். உங்கள் முறை வரும்போது என்ன வேண்டும், எத்தனை பேருக்கு என்று கேட்பேன். எல்லாருக்கும் தருவதுபோலவே நல்லதாகப் பார்த்து வெட்டித் தருவேன். சீட்டும் எழுதித் தருவேன்.

இப்படிக்கு,
கடையில் இருக்கிற ஒரு பொம்பளை